எழுத்தில் நாற்பத்தொரு நிமிடம்

பார்சல் கிடங்கில் அவருக்குப் பெயர் ரேடியோ. பேசும், கேட்காது. அதனால் அந்தப் பெயர். வைத்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வைத்த அன்றே ஓர் அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கரால் பெயரை எழுதி, கீழே விளக்கத்தையும் எழுதிக் காட்டினார். காது போன பிறகு ஒரு ஜோக்கை எல்லோரும் சிரித்த அதே நேரத்தில் தானும் புரிந்துகொண்டு ரேடியோ சிரித்தது அன்றைக்குத்தான். அந்த ஒன்றுக்காகவே அவர் பெயரை மறுக்கவில்லை.

இதற்கு முன் இருபத்தாறு வருடம் தகடு வெட்டும் பட்டறையில் இருந்தார். மெஷின் போட்ட சத்தம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் போனவை மெல்லிய சத்தங்கள். கடிகாரம், குழாய் சொட்டுவது, பெண்களின் குரல். கடைசியில் பட்டறையும் போய், காதும் போய், இந்தக் கிடங்குக்கு வந்து சேர்ந்தார். இங்கே காதுக்கு வேலை இல்லை. பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும், அந்த எண் போட்ட தள்ளுவண்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். கையும் கண்ணும் வேலை செய்ய, வாய் சும்மா கிடப்பானேன் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார்.

பேச்சில் பாதி மகளைப் பற்றித்தான். எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறாள். இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அது போக, ஒரு தோழியுடன் சேர்ந்து 'பேச்சுத்துணை' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறாள். "எம் பொண்ணு பேசுறதைக் கேட்டீங்களா, கேளுங்கய்யா" என்று கிடங்கில் ஒருவர் விடாமல் பிடித்துப் போனில் போட வைத்தவர் இவர்தான். இப்போது பாதிப்பேர் ஒரு காதில் மகளின் குரலோடுதான் பார்சல் பிரிக்கிறார்கள். வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துப் பரிமாறிவிட்டுத் தனக்குத் தட்டு இல்லாமல் நிற்கிறவரைப் போல இவர் மட்டும் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டதாகவே காட்டிக்கொள்வார்.

அந்தப் புதன்கிழமை காலையில் கிடங்கே ஒரு மாதிரியாக இருந்தது. சூப்பர்வைசர் மேடம், இத்தனை நாளில் யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காதவர், தன் கையால் டீ கொண்டுவந்து இவர் மேஜையில் வைத்தார். ஃபோர்க்லிஃப்ட்காரர் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கிவந்து தோளில் கை வைத்தார். முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் முகம்.

"என்னய்யா, நான் செத்துட்டேனா?" என்றார் ரேடியோ. தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. கிடங்கின் அந்தக் கோடி வரைக்கும் தலைகள் திரும்பின. யாரும் சிரிக்கவில்லை.

ஃபோர்க்லிஃப்ட்காரர் போனை எடுத்துக் காட்டினார். திரையில் மகளும் தோழியும் இரண்டு மைக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பகுதி ஐம்பத்தெட்டு, எங்கள் வீடு, நாற்பத்தொரு நிமிடம் என்று கீழே போட்டிருந்தது. பிறகு அவர் பேசத் தொடங்கினார். ரேடியோ உதட்டையே பார்த்தார். மீசைக்குக் கீழே ஓடுகிற உதட்டைப் படிப்பது லேசான காரியம் இல்லை. இரண்டு சொற்கள்தான் பிடிபட்டன. ஒன்று 'அம்மா', இன்னொன்று 'பாத்ரூம்'.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்த ஃபோர்க்லிஃப்ட்காரர் பேச்சைச் சட்டென்று மென்று விழுங்கினார். "ஒண்ணுமில்லண்ணே. நல்லா பேசியிருக்கு. நீங்களே ஒரு தடவை கேட்டு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒண்ணுமில்ல. காது கேட்காதவர்களுக்கு உலகம் எடுத்துவைத்திருக்கும் சொல் அது. பத்துப் பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல. டாக்டர் கால் மணி நேரம் பேசுவார், என்ன சொன்னார் என்று கேட்டால் ஒண்ணுமில்ல, மாத்திரை சாப்பிடணுமாம். எந்த மீசைக்குக் கீழே இருந்தாலும் அந்த ஒரு சொல்லை ரேடியோ தவறாமல் படித்துவிடுவார். நாற்பத்தொரு நிமிடப் பேச்சுக்கும் அதுவே பதில் என்றால் அவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எரிச்சலை விடப் பயம் பெரிதாக இருந்தது. அம்மா, பாத்ரூம் என்ற இரண்டு சொற்களும் ஒன்றாக வருகிற விஷயம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. இவர் முன்னறையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி குளிக்கப் போனாள், உள்ளே விழுந்தாள், கூப்பிட்டாள். எவ்வளவு நேரம் கூப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது. குழாய் போகிற சந்து வழியாகக் கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கிறது. அவர் மாடி ஏறி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அதுவும் இவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவர் ஜன்னல் வழியாகத் துடைப்பத்தின் கம்பை நீட்டி முதுகில் குத்திய பிறகுதான் இவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மனைவி போய்விட்டாள். இடையில் அவள் கண் திறக்கவே இல்லை.

அந்த நாள் வரைக்கும் காது போனதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பட்டறை நன்றாக நடந்த காலம், செவிடு என்று தெரிந்தால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அங்கே தொடங்கிய நடிப்பு வீட்டுக்கும் வந்துவிட்டது. எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பார், மனைவி வாய் அசைந்தால் தலையை ஆட்டுவார். நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார், அந்த நம்பிக்கைதான் இப்போது அவரை அறுத்தது. இவருக்குக் காது கேட்காது என்பது மனைவிக்குத் தெரியாது. அப்படியானால் ஈரத் தரையில் கிடந்து கூப்பிட்டபோது அவள் என்ன நினைத்திருப்பாள்? மனுஷன் கேட்டும் வரவில்லையே என்றுதானே? அந்த நினைப்போடுதானே போனாள்?

ஆஸ்பத்திரி நடைபாதையில் மகள் அவர் முன்னால் வந்து நின்று, நிறுத்தி நிறுத்தி, உதடு தெரியும்படி கேட்டாள். "அம்மா கூப்பிட்டது கேக்கலையாப்பா?"

"இல்ல" என்றார்.

மகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்தப் பார்வையைத் தீர்ப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். மகள் ஊருக்குத் திரும்பிப் போனாள். போனில் பேச முடியாது, எழுத்துதான். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன். நீ?" "ம்." நான்கு வருடமாக அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கிற பேச்சு இதுதான். வருடத்துக்கு ஒரு முறை வருவாள், அலமாரியைத் துடைப்பாள், போவாள்.

தன்னிடம் சொல்லாததை இப்போது ஊருக்கே சொல்லிவிட்டாளா? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஃபோர்க்லிஃப்ட்காரரை உட்கார வைத்து வரிக்கு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? என் பொண்ணு என்னைக் கொலைகாரன்னு சொல்லிட்டாளா, கொஞ்சம் எழுதிக் காட்டுங்கள் என்றா? வாய் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கிற இடமாக நாற்காலியைப் போட்டு, போனைத் திறந்தார். பேசுவதைக் கேட்டுத் தானே எழுத்தாக்கும் வசதி போனில் உண்டு. அதை முடுக்கிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

மெஷின் எழுதியது. புள்ளி கிடையாது, கேள்விக்குறி கிடையாது, பேசுவது மகளா தோழியா என்ற கவலையும் அதற்குக் கிடையாது. 'அப்ப ரொம்ப சத்தமா பேசுவாரு அப்ப சட்ட தேச்சா கத்தி மாதிரி நிக்கும் அப்ப அப்படித்தான்'. ஐந்து நிமிடம் வரைக்கும், யாரோ ஒரு ஆளைப் பற்றி, எப்போதோ நடந்ததைச் சொல்கிறாள் என்றே நினைத்தார். ஆறாவது நிமிடத்தில்தான் உறைத்தது. அந்த 'அப்ப' எல்லாம் 'அப்பா'. மெஷின் துணைக்காலை வெட்டிப்போட்டுவிட்டது. பெற்ற அப்பனை ஒரு காலை எடுத்து 'அப்ப' ஆக்கிய அந்தப் புத்திசாலித்தனத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது.

'அவர் மேல கோவம் இல்லையா இருந்துச்சு ரொம்ப நாள் யார் மேலன்னு தெரியாம இருந்துச்சு அம்மா போனதுக்கு காரணம் அப்பா'.

மற்ற இடத்தில் எல்லாம் காலை ஒடித்த மெஷின் இந்த ஓர் இடத்தில் மட்டும் சுத்தமாக எழுதியிருந்தது. அதற்குப் பிறகு '[இசை]' என்று போட்டது. நெடுநேரம் இசைதான். நாற்பதாவது நிமிடத்தில் தோழி நன்றி சொல்லி முடித்தாள்.

திரும்பப் போட்டார். அதே வரி. மூன்றாம் தடவையும் அதே வரி. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்குப் போடக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒருத்தி சொல்லாமல் போனாள், இன்னொருத்தி சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழனும் வெள்ளியும் ரேடியோ பேசவில்லை. ஏழாம் எண் பார்சல்கள் ஒன்றாம் எண் வண்டியில் போய் விழுந்தன. மேடம் ஒரு தாளில், 'இரண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க' என்று எழுதி நீட்டினார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். லீவு எடுத்து எங்கே போவது? வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை. பாத்ரூம் கதவை அவர் நான்கு வருடமாகச் சாத்துவதே இல்லை. அந்தத் திறந்த கதவுக்கு எதிரில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க அவருக்குத் தெம்பில்லை. பேச்சு நின்றுபோன கிடங்கில் மற்றவர்களுக்கும் கை ஓடவில்லை. ஒவ்வொருவராக வந்து முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டலும், பெண்டாட்டியைச் சாகவிட்டவனுக்குப் போடுகிற பிச்சை என்று அவர் கணக்குப் பண்ணிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மகளிடமிருந்து "சாப்பிட்டீங்களா?" வந்தது. பதில் போடவில்லை.

ஞாயிறு காலையில் எழுந்தபோது அவருக்குக் கோபம் வந்திருந்தது. நல்ல கோபம். கிடங்குப் பையனிலிருந்து மேடம் வரைக்கும் எல்லோரும் கேட்கலாம், பேசப்பட்டவன் மட்டும் மெஷின் துப்புகிற எச்சிலைப் பொறுக்க வேண்டுமா? தண்டனை என்றால் அதையாவது முழு வாக்கியமாகக் கொடுக்கட்டும். பாட்காஸ்டின் பக்கத்தில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. மெயில் முகவரி கேட்டது. கிடங்கில் லீவு விண்ணப்பத்துக்காக மேடம் போட்டுக் கொடுத்த முகவரியைத் தந்தார். அதில் பெயர் இல்லை, பணியாள் எண்தான், ஆள் யாரென்று தெரியாது. ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

'வணக்கம். எனக்குக் காது கேட்காது. உங்கள் ஐம்பத்தெட்டாம் பகுதியை மெஷின் எழுத்தில் படித்தேன். பாதி புரியவில்லை. பேசியதை அப்படியே எழுதிப் போட்டால் என்னைப் போன்றவர்கள் படித்துக்கொள்வோம். முக்கியமாக முப்பத்தெட்டாவது நிமிடத்திலிருந்து. இப்படிக்கு, ஒரு நேயர்.'

ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. எழுதியவள் மகளேதான். அவருக்கு நான்கு வருடமாக ஒற்றை வரிக்கு மேல் எழுதாதவள், முன்பின் தெரியாத நேயருக்குத் திரை நிறைய எழுதியிருந்தாள். அந்த நேயர் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

'வணக்கம் சார். நீங்க கேட்டது நியாயம்தான். எழுத்துல போடச் சொல்லி இதுக்கு முன்னாடியும் நாலைஞ்சு பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தருக்கு வேலை இடத்துல சத்தம் வைக்க முடியாது. ஒருத்தர் வேற மொழிக்காரர், தமிழ் படிச்சா புரியும், வேகமாப் பேசினா புரியாது. என் தோழி போட்டுடலாம்னுதான் சொன்னா. நான்தான் சாக்கு சொல்லிச் சொல்லித் தள்ளிக்கிட்டே வந்தேன். உங்ககிட்ட உண்மையைச் சொல்றேன். எங்க அப்பாவுக்கும் காது கேக்காது. உலகத்துல யாருக்கு வேணும்னாலும் தெரியட்டும், அவருக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு ஒரு விஷயம் இருக்கு. அதை இந்தப் பகுதியில சொல்லிட்டேன். வெறும் பேச்சா இருக்கிறவரைக்கும் பத்திரம். எழுத்தாயிட்டா அவர் படிச்சுடுவார். அதனாலதான் சார். மன்னிச்சுக்கோங்க.'

ரேடியோ அதைப் படித்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பைப் பார்த்தார், திரும்பி வந்தார். தனக்குப் போன காதை, தன் மகளே ஒரு கதவாக்கித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். வலித்தது. வாய்விட்டு "ஏம்மா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரியாது. பிறகு மறுபடி உட்கார்ந்து நேயராகவே எழுதினார்.

'உங்கள் அப்பாவைக் குற்றம் சொல்லியிருப்பதால் மறைக்கிறீர்களா? மெஷின் எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. அம்மா போனதற்குக் காரணம் அப்பா என்று.'

இந்தத் தடவை இரண்டே நிமிடம்.

'ஐயோ சார். அப்படியா எழுதியிருக்கு? அதுக்குப் பின்னாடி ஒரு இல்ல இருக்கு சார். எனக்கு அழுகை வந்துடுச்சு, அதுல அமுங்கியிருக்கும். நான் அப்படிச் சொல்லல. சொல்லவே இல்ல. இன்னிக்கே உக்காந்து முழுசா அடிச்சு உங்களுக்கு அனுப்புறேன். நீங்க ஒருத்தர் அப்படிப் படிச்சிருந்தா, இன்னும் எத்தனை பேர் படிச்சிருப்பாங்க.'

தமிழில் ஒரு வாக்கியத்தின் பிடி அதன் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ஆமாவா இல்லையா என்பது வாலுக்கு வந்த பிறகுதான் தெரியும். வாலை நறுக்கிவிட்டால் தலை எதை வேண்டுமானாலும் சொல்லும். நான்கு நாள் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இந்த மனிதர்.

மூன்றரை மணிக்கு வந்தது. பதினாறு பக்கம். யார் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் போட்டு, எங்கே சிரித்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று அடைப்புக்குள் எழுதி, 'அப்பா'வுக்கு எல்லா இடத்திலும் கால் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவர் முதல் பக்கத்திலிருந்து படித்தார். குறுக்கே தாண்டிப் போகவில்லை. சட்டை கத்தி மாதிரி நிற்கும் என்ற இடத்தில் '(இருவரும் சிரிக்கிறார்கள்)' என்று இருந்தது. தன்னை நினைத்து மகள் சிரித்திருக்கிறாள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

முப்பத்தெட்டாவது நிமிடம் இப்படி இருந்தது.

'தோழி: அவர் மேல கோபம் இல்லையா?

நான்: இருந்துச்சு. ரொம்ப நாள் யார் மேலன்னு தெரியாம இருந்துச்சு. அம்மா போனதுக்குக் காரணம் அப்பா (குரல் உடைகிறது) இல்ல. (அழுகிறேன்.) அப்பாவுக்குக் காது கேக்கல. எனக்குக் காது கேக்கும், ஆனா நான் கேக்கல. அன்னைக்குக் காலையில அம்மா எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன். அம்மா எப்பவும் அனுப்புறதுதானேன்னு விட்டுட்டேன். மத்தியானம்தான் திறந்தேன். தலை சுத்துதுன்னு சொல்லியிருக்காங்க. அப்பவே கேட்டிருந்தா கீழ் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணியிருப்பேன். அம்மா குளிக்கப் போயிருக்க மாட்டாங்க.

தோழி: அப்பாகிட்ட சொன்னியா?

நான்: எப்படிச் சொல்றது? அந்த மெசேஜைக் கேட்டுட்டு, அதை என் போன்லயே வெச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரியில அவரைப் பாத்துக் கேக்கலையாப்பான்னு கேட்டேன். தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சும் அவர் தலையில போட்டேன். அவர் இல்லன்னார். அந்த முகத்தை இன்னிக்கு வரைக்கும் என்னால நேராப் பாக்க முடியல. (அழுகிறேன்.)'

மெஷின் 'இசை' என்று போட்டது இதைத்தான்.

அவர் அந்த 'இல்ல'வின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதார். முதலில் தனக்காக அழுதார், அதை மறைப்பானேன். நான்கு வருடம் கழித்து ஒருவன் மேலிருந்து ஒரு பாரம் இறங்கினால் அழத்தான் செய்வான். கிடங்கில் முதுகைத் தட்டியவர்கள் எல்லாம் இதைக் கேட்டுவிட்டுத் தட்டியவர்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகையின் திசை மாறியது. எட்டு மணி நேரத் தொலைவில், ஓர் அறையில், தன்னைப் போலவே ஒருத்தி நான்கு வருடமாக அதே பாரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் இவர், சாப்பிட்டேன், நீ, என்று எழுதிக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். காது போன பிறகு அவர் யாரையும் போனில் கூப்பிட்டதில்லை. திரையில் விநாடி ஓடத் தொடங்கியதும், எடுத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு பேசினார்.

"பாப்பா, அப்பா பேசுறேன். நீ பேசுறது எனக்குக் கேக்காது, அதனால குறுக்கே பேசாதே. அந்த நேயர் நான்தான். ஏமாத்திட்டேன். திட்டணும்னா எழுதித் திட்டு. படிச்சேன், பதினாறு பக்கமும். நல்லா கேட்டுக்கோ. அம்மா போனதுக்குக் காரணம் நீ இல்ல. இல்ல. கடைசி வார்த்தை விழுந்துச்சா? இல்லம்மா. நானும் இல்ல, நீயும் இல்ல. தண்ணி கெடந்துச்சு, வழுக்கிடுச்சு."

விநாடி ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் மகள் பேசுகிறாளா, அழுகிறாளா, போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாளா, அவருக்குத் தெரியாது. ஆனாலும் காதில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த மெசேஜ். உங்கம்மா கடைசியாப் பேசினது அதுதான். என்கிட்ட ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அதையும் இதே மாதிரி எழுதி அனுப்பு. ஒண்ணுவிடாம. எனக்கு நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் எதையும் எடுத்துடாதே."

போனை வைத்துவிட்டு மேஜையருகே உட்கார்ந்தார். மெசேஜ் எவ்வளவு நீளம் என்று கேட்க மறந்துவிட்டார். ஒரு நிமிடம் இருக்குமோ, பத்து நிமிடம் இருக்குமோ? இன்னும் வெயில் இருந்தது. எதிர் வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. பத்துப் பன்னிரண்டு வரிதான்.

'அம்மா: பாப்பா, அம்மாதான். (பாத்திரச் சத்தம்.) வேலையா இருப்பே, பரவாயில்ல. காலையிலேர்ந்து தலை லேசா சுத்துது. பயப்படாதே, நேத்து சரியாச் சாப்பிடல, அதான். நேரம் கெடைக்கும்போது கூப்பிடு. (நிறுத்துகிறார்.) இன்னொண்ணு. அப்பாவுக்குக் காது சுத்தமாப் போயிடுச்சு, உனக்குத் தெரியுமா? ஒரு வருஷமா மறைக்கிறார். நான் என்ன சொன்னாலும் தலையைத் தலையை ஆட்டுறார். (சிரிக்கிறார்.) நானும் தெரியாத மாதிரியே இருக்கேன். நீயும் வந்தா கண்டுக்காதே, மனுஷன் கூசிப்போவார். ஏதாவது வேணும்னா எதிர்ல போய் நின்னுடுறேன், அவ்வளவுதானே. (பின்னால் அப்பா பாடுகிறார். சத்தமாக. சுருதி சேரவில்லை.) கேக்குதா? சட்டை தேச்சுக்கிட்டே பாடுறார். அவருக்கே கேக்காது, பாவம். நான்தான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். குளிக்கப் போகணும். பாட்டு முடியட்டும், போறேன்.'

அன்றைக்கு என்ன பாட்டுப் பாடினோம் என்று அவர் இருட்டும்வரை யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.